மறு: குண்டூசிகளைப் பிடித்துவைக்கும் காந்தக் கருவிகளுக்குப் பெயர்

அன்புடையீர், வணக்கம்.

> கிண்ணத்துக்குக் 'காந்த ஊசித்தட்டு' என்றும், தரையில் சிதறியவற்றை எடுக்கும் கோலுக்குக் 'காந்த ஊசிக்கோல்' என்றும் வைத்தால் போதாதா?

போதாது என்பது என் கருத்து. திசைகாட்டியில் சுழலும் ஊசிக்குக் 'காந்த ஊசி' என்ற பெயர் பாடநூல்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைவிடப் பெரிய இடர் தையலுக்குள்ளேயே இருக்கிறது: கடினப்படுத்திய எஃகு காந்தத்தன்மையை எளிதில் விடாது என்பதால், காந்தத்தின்மேல் நெடுநேரம் கிடந்த ஊசியும் குண்டூசியும் தாமே சிறு காந்தங்களாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் கத்தரிக்கோலின் அலகில் பற்றிக்கொண்டும் தொல்லை தருகின்றன. அவற்றைக் குறிக்கவே நமக்குக் 'காந்தமேறிய ஊசி' என்ற சொல் தேவைப்படும்போது, கருவியின் பெயரிலும் அதே இரு சொற்களை அடுத்தடுத்து வைப்பது குழப்பத்தை வலிந்து அழைப்பதாகும்.

ஆகவே பொருளை விட்டுச் செயலால் பெயரிடலாம். குண்டூசிகளைத் தாங்கும் கிண்ணம் 'ஊசியேந்தி'. சிதறியவற்றை ஒரே வீச்சில் திரட்டும் கோல் 'ஊசியள்ளி'. ('ஊசிபொறுக்கி' என்பதே செயலுக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் பேச்சு வழக்கில் பொறுக்கி எங்கே போய் நிற்கிறது என்பதை அனைவரும் அறிவோம்.)

பெயரில் காந்தம் இல்லாவிட்டால், பித்தளைக் குண்டூசி இதில் ஒட்டாது என்பது வாங்குவோருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான், துருப்பிடிக்காத எஃகிலும் சில வகைகள் ஒட்டுவதில்லை. எனினும் இதைச் சொல்ல வேண்டிய இடம் அகராதியின் விளக்கப் பகுதி. நகவெட்டி என்ற பெயரில் இரும்பு இல்லாததால் எவரும் மயங்கியதில்லை. இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் வலிய காந்தங்களை மார்புக்கு அருகில் கொண்டுசெல்லக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அங்கேயே சேர்க்கலாம். குண்டூசிகளைக் குத்திவைக்கும் பஞ்சு திணித்த பழைய சிறு மெத்தையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'காந்தவகை ஊசியேந்தி' என்று எழுதினால் போதும்.

தையல் எந்திரத்தின் தகட்டில் ஒட்டவைத்து, துணியின் ஓரம் ஊசியிலிருந்து ஒரே தொலைவில் நகரும்படி தடுத்து நிறுத்தும் சிறு கட்டையை இந்தக் குடும்பத்தில் சேர்க்கவே கூடாது. அதுவும் காந்தந்தான், ஆனால் அது ஊசியைப் பிடிப்பதில்லை, பிடித்தால் வேலை கெடும். அதற்குத் 'தையல் வரம்பு' என்பது தெளிவாக இருக்கும்.

மீதி இருப்பது, பூத்தையலில் துணியின் மேலொன்றும் கீழொன்றுமாக வைத்து, வேலைக்கு நடுவே ஊசியைக் கிடத்திவைக்கும் காந்த இணை. 'ஊசியிருத்தி' என்று தோன்றுகிறது, ஆனால் நாவில் சற்று இடறுகிறது. பூத்தையல் செய்பவர்கள் இதைப் புழங்கிப் பார்த்துச் சொன்னால், பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.