சீர் முறுக்கு யார் சுற்றுவது?

வசந்தி: அண்ணே, தீபா கல்யாணத்துக்கு 12 நாள்தான். தாய்மாமன் சீருக்குக் கைமுறுக்கு 101. அண்ணி மாவு இடித்தாச்சா?

ராமசாமி: கமலாவால் இந்த முறை முறுக்கு சுற்ற முடியாது. விவரமாகச் சொல்கிறேன், எல்லாரும் பொறுமையாகப் படிக்கவும். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது. மணிக்கட்டை ஒட்டிய இடம். கிள்ளிப் பிடிக்கும்போது விரல் நுனியில் 1 கிலோ அழுத்தம் என்றால் அடிமூட்டில் 10 கிலோவுக்கு மேல் இறங்குமாம். ஏழு சுற்று முறுக்குக்கு எத்தனை கிள்ளு, எத்தனை திருகல்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முரளி: கணக்கு வாத்தியார் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை

வசந்தி: பொங்கலுக்குப் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தார்கள்

சித்ரா: அப்போதே பூட்டு திறக்க முடியாது அத்தை. அம்மா சொல்லவில்லை

லதா: முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்துக் கொடுங்கள் அத்தான். கொல்லிமலையிலிருந்து வரவழைக்கலாம்

ராமசாமி: சூப் குடிக்கட்டும். தேய்ந்த குருத்தெலும்பு அதில் வளராது. மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே பிசியோதெரபி. கட்டைவிரலைத் தாங்க ஒரு ஸ்பிளின்ட். ஒரு வாரம் போட்டுவிட்டுப் பலன் கேட்கக் கூடாது, 3 மாதமாவது போட வேண்டும். காலையில் வெதுவெதுப்பான நீரில் கை வைத்துவிட்டுப் பயிற்சி. கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டு வட்டம் போடுவது, கையை மெதுவாக மடக்கி விரிப்பது. வலி கூடினால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். குக்கரை ஒரு கையால் தூக்கக் கூடாது.

சித்ரா: கரண்டி, கத்தி எல்லாவற்றுக்கும் அப்பா சைக்கிள் கைப்பிடி உறை மாட்டிவிட்டார். பிடி பருமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டாமாம்

முரளி: தேங்காய் யார் துருவுவது?

சித்ரா: அப்பா

லதா: அத்தானா!!

வசந்தி: இதைப் பார்க்க எங்கள் அம்மா இல்லாமல் போய்விட்டார்களே

லதா: எனக்கும் காலையில் விரல் மடங்குவதில்லை. சமையல் முடியும்வரை விறைப்புதான். நானும் உறை மாட்டலாமா?

சித்ரா: வீக்கம் இருக்கிறதா சித்தி? தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விறைப்பு விட்டுவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் முடக்குவாதமாக இருக்கலாம். அதை மருந்தில்லாமல் விடக் கூடாது. டாக்டரிடம் போங்கள்

லதா: கல்யாணம் முடியட்டும்

சித்ரா: இந்த வாரமே

வசந்தி: முறுக்கு??

முரளி: கடையில் சொல்லிவிடலாம் அம்மா

வசந்தி: சபையில் கடை முறுக்கா

கமலா: மாவு பிசைந்து தருகிறேன்

ராமசாமி: பிசைவதும் கூடாது.

கமலா: சரி. பதம் பார்க்க வருகிறேன். வசந்தி சுற்றட்டும்

வசந்தி: எனக்கு மூன்று சுற்றுக்கு மேல் வராது அண்ணி

லதா: பெரிய வாணலி வசந்தி அண்ணி வீட்டில்தானே இருக்கிறது?

வசந்தி: பாகம் பிரித்தபோது எனக்கு வந்தது அது ஒன்றுதான்

ராமசாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: மண்டபத்தில் ஜெனரேட்டர் உண்டா என்று யாராவது கேட்டீர்களா?

ராமசாமி: மெழுகு ஒத்தடம் பற்றி இன்னும் சொல்லவில்லை. உருக்கிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுப்பது. அதற்கென்று உள்ள மெஷினில்தான் செய்ய வேண்டும், அடுப்பில் உருக்கி யாரும்

வசந்தி: அண்ணே, முறுக்கு