மூன்று இலக்குகளும் ஒன்றோடொன்று மோதிய நாள்: உங்கள் அனுபவம் என்ன?

அருணைவாசி எழுதியது:

உடலுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று, ஆன்மிகத்துக்கு ஒன்று என மூன்று நல இலக்குகளை ஒரே நாளில் எழுதி வைத்துக்கொண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அவற்றுள் ஒன்றை எட்டப் போய் மற்றொன்றைக் கெடுத்துக்கொண்ட நாள் உங்கள் வாழ்விலும் வந்திருந்தால், அதை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். வெற்றிக் கதைகள் வேறு எங்கும் கிடைக்கும். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2023 பிறந்தபோது எனக்கு வயது 53. சர்க்கரை நோய் வந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 9.2 என்று வந்ததைக் கண்டு பயந்து, புது நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதினேன். 84 கிலோ எடையை 72 ஆகக் குறைப்பது. இரவு பத்து மணிக்குமேல் கைப்பேசியைத் தொடாமல், அன்றைய கவலைகளைத் தாளில் எழுதிவிட்டு உறங்குவது. பௌர்ணமிதோறும் தவறாமல் கிரிவலம் செல்வது. மூன்றாவதுதான் எளிது என்று நினைத்தேன். அண்ணாமலை என் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். சுற்றுவழி 14 கிலோமீட்டர். அதை நடந்தால் எடையும் குறையும், மனமும் அடங்கும், புண்ணியமும் சேரும் என்பது என் கணக்கு.

முதல் நான்கு பௌர்ணமிகளும் கணக்குப்படியே நடந்தன. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை, கூட்டத்தோடு கூட்டமாக, இரவுக் குளிர்ச்சியில் வெறுங்காலோடு நடந்தேன். மே மாதம் வந்த சித்ரா பௌர்ணமி இரவில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்ததால், மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. முந்தைய நாளே போயிருக்க வேண்டும் அல்லது அந்த மாதத்தை விட்டிருக்க வேண்டும். ஆனால் நாட்குறிப்பில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு நான்கில் குறியிட்டிருந்த எனக்கு ஐந்தாவது கட்டம் காலியாக இருப்பதைத் தாங்க முடியவில்லை. எம லிங்கத்தைத் தாண்டியபின் எதிரே வந்தவர்கள் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்று காலை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தார்ச்சாலை சுடவே இல்லை. அதை அருள் என்று எண்ணி, கண்ணில் நீர் மல்க நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "என்னங்க, தரையெல்லாம் ஈரமா ஒட்டுது?" என்று கேட்டபோதுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளம் உடைந்து, தோல் மடிந்து கிடந்தது. மருத்துவர் புண்ணைக் கட்டிய பிறகு, 10 கிராம் அழுத்தத்தில் வளையக்கூடிய மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரு பாதங்களிலும் பல இடங்களில் தொட்டார். தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். நான் அமைதியாக இருந்த இடங்களே அதிகம். நீண்ட நாள் சர்க்கரை பாத நரம்புகளின் உணர்வைக் கெடுத்துவிட்டிருந்தது. நான் அருள் என்று நினைத்தது அதைத்தான்.

புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களும் நடை இல்லை; எடை 3 கிலோ ஏறியது; இரவில் கவலை எழுதும் தாள் இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. ஆக, ஒரு கட்டத்தில் குறியிடப் போய் மூன்று வரிகளையும் இழந்தேன். இப்போது வீட்டுக்குள்ளும், சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென மென்மையான நுண்துளை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு அணிகிறேன். கிரிவலத்துக்கும் அதுவே. செருப்போடு மலையைச் சுற்றலாமா என்று தயங்கித் தயங்கி ஒரு முதிய குருக்களிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மலை எங்கேயும் போயிடாது சார், உங்க காலு போயிட்டா வராது" என்றார்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா, நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். உங்கள் காலைப் போன்ற கால்களில் வாரத்துக்கு இரண்டையாவது பார்க்கிறேன். அவற்றில் சில, விரலை எடுத்த பிறகுதான் வீடு திரும்புகின்றன. ஏழு வாரத்தில் ஆறியது நல்ல முடிவு என்றே சொல்வேன்.

எனக்கு நேர்ந்தது பிரம்ம முகூர்த்தத்தால் வந்த வினை. மாதத்தில் பத்து நாள்களுக்குக் குறையாமல் பன்னிரண்டு மணி நேர இரவுப்பணி எனக்கு உண்டு. பதற்றமும் எரிச்சலும் கூடிக்கொண்டே போனதால் யோக வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அதிகாலை நான்கரைக்கு எழுந்து செய்யும் தியானத்துக்கு ஈடு இல்லை என்றார்கள். சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்கள் முன்பு தொடங்குவதே பிரம்ம முகூர்த்தம் என்று விளக்கமும் தந்தார்கள். 48 நாள்கள், ஒரு மண்டலம், விடாமல் செய்வேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். பணி இல்லாத நாள்களில் நான்கரைக்கு எழுவேன். பணி நாள்களில் மருத்துவமனையின் ஓய்வறையில் பத்து நிமிடம் கண்ணை மூடி அமர்வேன். பகலில் வீட்டுக்கு வந்தால் உறக்கம் நான்கு மணி நேரம்கூடக் கிடைக்காது. அம்மாவோ, "வெளக்கு வெக்கிற நேரம் வரைக்கும் பொம்பள தூங்குனா வீடு வெளங்குமா?" என்று கேட்டபடியே பாத்திரங்களை உருட்டுவார்.

முப்பத்தொன்றாம் நாள் இரவு, ஒரே நிறத்தில் ஒரே அளவில் இருந்த இரண்டு மருந்துக் குப்பிகளுள் தவறானதை உடைத்துவிட்டேன். ஊசியில் ஏற்றுமுன் இருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. என் தோழி பெயரை உரக்கப் படித்தாள், அங்கேயே நின்றது. நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. எனக்கு மட்டும் கை நடுக்கம் விடியும்வரை நிற்கவில்லை. மன அமைதிக்காக எடுத்த இலக்குதான் என் உறக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

மண்டலத்தை அத்தோடு முறித்தேன். தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்று அம்மா அஞ்சினார். இப்போது என் முதல் இலக்கு, நாளின் எந்த மூலையில் கிடைத்தாலும் சரி, தொடர்ச்சியாக ஏழு மணி நேர உறக்கம். ஜன்னலுக்குக் கருப்புத் திரை போட்டேன். வாசல் மணியைக் கழற்றிவிட்டேன். பால்காரருக்கு ஒரு சீட்டு ஒட்டினேன். தியானத்தைப் பணி முடிந்து குளித்த பிறகு, படுக்கைக்குப் போகுமுன் செய்கிறேன். மணி ஒன்பதோ ஒன்பதரையோ ஆகியிருக்கும். எனக்கு அதுவே முகூர்த்தம். பாத்திரச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.

பத்தாயிரம் எழுதியது:

என்னுடையது சிறிய கதை, வெட்கக் கதையும்கூட. கணினி நிறுவன வேலை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தில் குறித்திருந்தேன். மாலையில் அடிகள் குறைந்தால் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்ப் பிரகாரத்தைச் சுற்றுவேன். பக்தியும் ஆயிற்று, நடையும் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சந்நிதியில் தீபாராதனை காட்டும் வேளையில் மணிக்கட்டு அதிர்ந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, நான் கையைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். அருகில் நின்ற பாட்டி, "ஆபீசுக்கு நேரமாயிடுத்தா கண்ணா?" என்று கனிவாகக் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் ஆராய்ந்து கண்ட எண் அன்று என்பதைப் பிறகுதான் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற நடைமானிக்கு வைத்த பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி மானி'. உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கே சொல்லவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பதுதான் அதன் பரிந்துரை. இப்போது கோயிலுக்குள் கடிகாரம் வருவதில்லை. செருப்போடு சேர்த்து அதையும் வண்டிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

காயலார் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அருணைவாசி ஐயா கால் சுடாததை அருள் என்று நினைத்ததைப் படித்தபோது, என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "உங்களப் போலவே ஒரு ஆளு" என்றாள்.

2023 ரமலான் எங்களுக்கு மார்ச் 24இல் தொடங்கியது. முப்பது நோன்பையும் விடாமல் நோற்பது, இரவுத் தொழுகையைப் பள்ளிவாசலிலேயே முடிப்பது என்பவை என் இலக்குகள். சர்க்கரைக்குக் காலையில் உண்ணும் மாத்திரையை, வழக்கம் மாறக் கூடாது என்று, விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் போட்டுக்கொண்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை, சொன்னால் நோன்பு வேண்டாம் என்பார் என்று நானே தீர்ப்பளித்திருந்தேன். ஒன்பதாம் நோன்பன்று பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்து கடையில் அமர்ந்திருந்தபோது வியர்த்துக் கொட்டியது; எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மகன் விரலில் குத்திப் பார்த்தான்: 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று இப்போது தெரியும். அன்று, "நோன்பு திறக்க, மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே" என்று அவனோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

மகன் பள்ளிவாசலுக்கு ஓடி மார்க்க அறிஞரான ஆலிம்சாவை அழைத்து வந்தான். அவர் எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. குவளைத் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுத் தம் கையாலேயே கலக்கி, அண்ணன் முறை வைத்து, "காக்கா, குடிச்சிட்டு அப்புறம் பேசுவோம்" என்றார். நோயாளி விட்ட நோன்பை வேறு நாள்களில் நோற்றுக் கழா செய்யலாம், அதற்கும் இயலாதவர் நாளுக்கு ஓர் ஏழை வீதம் உணவளித்து ஃபித்யா கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. அந்தச் சலுகை பிறருக்கானது என்றே இருந்துவிட்டேன். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியுமோ என்ற பயத்தில் எட்டு நாள்களாகச் சோதிக்காமல் இருந்திருக்கிறேன். முறியாது என்பதையும் அவரே சொன்னார்.

மறு ஆண்டு, நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் போனேன். அவர் தடுக்கவில்லை. தாழ்சர்க்கரை வரவழைக்கும் மாத்திரையைக் குறைத்து, நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றினார். நண்பகல் லுஹர், பிற்பகல் அஸர் வேளைகளில் சோதிக்கச் சொன்னார். எழுபதுக்குக் கீழே வந்தால் நோன்பை முறித்துவிடுவது என்று மகனுக்கு வாக்குக் கொடுத்தேன். 24 நோற்றேன்; மீதி நாள்களுக்கு ஃபித்யா கொடுத்தேன். என்னைப் பார்த்து யாரும் இந்த மாற்றத்தைத் தாமாகச் செய்ய வேண்டாம். ஒவ்வொருவர் மாத்திரையும் வேறு.

பூங்கா இருக்கை எழுதியது:

மேலே எழுதியோர் எல்லோருக்கும் ஏதோ ஒன்று எச்சரித்தது. எனக்கு எதுவும் எச்சரிக்கவில்லை, ஏனெனில் என் எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. மனைவி இறந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எனக்காக இலக்குகள் வகுத்தார்கள்: நாளும் 5 கிலோமீட்டர் நடை, செவ்வாயும் வெள்ளியும் கோயில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. அத்தனையையும் முடித்து, ஞாயிறுதோறும் தகவல் அனுப்புவேன். கட்டைவிரல் உயர்த்திய படங்கள் திரும்பி வரும்.

ஒரு நாள் நடை முடிந்து பூங்காவில் அமர்ந்தவன், எழுந்து போக ஒரு காரணமும் தோன்றாமல் இரண்டரை மணி நேரம் அப்படியே இருந்தேன். சுவரில் எழுதியிருந்த 14416 என்ற எண்ணை அங்கிருந்தே அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் என் எடையையோ சர்க்கரையையோ கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா ஐயா?" என்றார். அழுதேன். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டினார். இப்போது மருந்தும் உண்டு, மாதம் ஒரு சந்திப்பும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் தகவலில் நான்காவதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன்: இந்த வாரம் யாரோடு பேசினேன் என்பது. சில வாரங்களில் அந்த வரி காலியாக இருக்கும். காலியாகவே அனுப்புகிறேன், அன்றைக்கு மகள் படம் அனுப்பாமல் நேராக அழைத்துவிடுகிறாள்.

அருணைவாசி எழுதியது:

பூங்கா ஐயா, அந்த நான்காவது வரியை நான் எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கேட்கவில்லை. செவிலியர் அம்மாவுக்கு: பாதத்தை எப்படிச் சோதிப்பது என்று தனிமடலில் கேட்டிருந்த இருவருக்காக இங்கேயே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். கிரிவலத்துக்கு முந்தைய இரவு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டி, விரல் இடுக்கு வரை பார்க்கிறேன். கண் எட்டாத குதிகால் ஓரத்தை என் மனைவி விளக்கடித்துப் பார்த்துச் சொல்கிறாள். சிவப்போ வெடிப்போ இருந்தால் மறுநாள் மொட்டைமாடியோடு சரி. அங்கிருந்தே மலையைக் கும்பிட்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு பன்னிரண்டில் ஏழு முறை முழுச் சுற்று, இரண்டு முறை ஆதி அண்ணாமலை வரை போய் ஆட்டோவில் திரும்பியது, மூன்று முறை மாடி. எடை 78. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.3. நாட்குறிப்பில் கட்டம் போடுவதை விட்டுவிட்டேன்.

காயலாரே, உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இங்கும் அதே தீர்ப்புதான் வந்தது.