உதவி தேவை: 1950களின் பொம்மை ரோபோ விளம்பரங்கள் பழைய அமெரிக்க நாளிதழ்களில் சிக்கவில்லை

சாவிபொம்மை (கேள்வி)

ஐடியல் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ‘ராபர்ட் தி ரோபாட்’ பொம்மையின் நாளிதழ் விளம்பரம் தேவை. கேபிளில் இணைந்த கைக்கருவியைச் சுற்றினால் ஓடும், முதுகிலுள்ள பிடியைச் சுற்றினால் பேசும், 14 அங்குல உயரம், அந்தப் பொம்மைதான்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளமான குரோனிக்ளிங் அமெரிக்காவில் தேடுகிறேன். ‘டாய் ரோபாட்’ என்று சேர்த்துக் கொடுத்தால் அநேகமாக ஒன்றும் வருவதில்லை. ‘ரோபாட்’ மட்டும் கொடுத்தால் விமானம், குண்டு, தொழிற்சாலைச் செய்திகள்தான் வந்து குவிகின்றன. ஜப்பானின் மசுதாயா நிறுவனம் 1957இல் விட்ட, ரேடியோவால் இயங்கும் ரேடிகான் ரோபாட் பொம்மையின் விளம்பரத்தையும் தேடுகிறேன். தேடுசொல்லில் தவறா, அல்லது தளமே சரியில்லையா?

பழந்தாள்

தளம் சரிதான், அங்கே 1963 வரை இதழ்கள் உண்டு. சிக்கல் ஓசிஆரில், அதாவது பக்கப் படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருளில் இருக்கிறது. செய்திப் பத்திகளை அது ஓரளவு ஒழுங்காகப் படிக்கும். விளம்பரப் பக்கத்தில் தலைப்பு கையால் வரைந்த எழுத்தாக இருக்கும், அல்லது கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருக்கும். அதைப் படம் என்று நினைத்து ஓசிஆர் தாண்டிப் போய்விடும். பொம்மையின் பெயர் இருப்பதே அந்தத் தலைப்பில்தான். கீழே பொடி எழுத்தில் வரும் விவரணையைப் படித்தாலும், ‘ரோபாட்’டின் நடுவிலுள்ள ‘பி’யை ‘எச்’ ஆக்கும், ‘ஓ’வை ‘சி’ ஆக்கும். பத்தி குறுகலாக இருந்தால் சொல் இரண்டு வரிகளாக உடைந்திருக்கும், அப்போதும் தேடலில் வராது.

ஆகவே ரோபோ அச்சாகியிருக்கக்கூடிய பக்கத்தைத் தேடுங்கள். பொம்மைக் கடை விளம்பரம் ஒன்றில் பத்து இருபது சாமான்கள் இருக்கும், அவற்றில் ஒன்றிரண்டின் பெயராவது சுத்தமாகப் பதிந்திருக்கும். 1954 என்றால் ‘லயனல்’ (ரயில்), ‘எரெக்டர்’ (கட்டுமானப் பெட்டி), ‘டைனி டியர்ஸ்’ (பொம்மைக் குழந்தை). இவற்றில் இரண்டை ஒன்றாகக் கொடுங்கள். அருகருகே வரும் சொற்களைத் தேடும் வசதியில் இடைவெளியைக் கூடியவரை அகலமாக வையுங்கள். விளம்பரத்தில் பத்தி வரிசை குழம்பியிருக்கும், பக்கத்துப் பக்கத்தில் அச்சான சொற்கள்கூட உரையில் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும்.

தேதியையும் இறுக்குங்கள். 1954இல் தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்க நன்றி நாள் விடுமுறை நவம்பர் 25, வியாழன். பெரிய கடைகளின் பொம்மை விளம்பரம் நவம்பர் தொடக்கத்தில் எட்டிப்பார்த்து, அந்த வியாழனுக்குப் பிறகு பொங்கி வழியும். நவம்பர் 28, டிசம்பர் 5, 12 ஆகிய மூன்று ஞாயிறுகளையும் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள். வாஷிங்டனின் ஈவ்னிங் ஸ்டார் நாளிதழ் இந்த ஆண்டுகளுக்கு அங்கே இருக்கிறது. ஞாயிறன்று அதன் முகப்பில் ‘சண்டே ஸ்டார்’ என்றிருக்கும், வேறு இதழ் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹெக்ட், உட்வர்ட் அண்ட் லோத்ராப் போன்ற பெரிய கடைகளோடு பீப்பிள்ஸ் டிரக் மருந்துக்கடை விளம்பரங்களையும் பாருங்கள். மருந்துக்கடைகளும் அந்த மாதத்தில் பொம்மை விற்றன.

‘ராபர்ட்’, ‘ஐடியல்’ இரண்டும் தேடுசொல்லுக்கு உதவாது. முதலாவது ஆயிரம் பேரின் பெயர், இரண்டாவது ‘பொருத்தமான பரிசு’ என்ற சாதாரணப் பொருளில் எல்லா விளம்பரத்திலும் வரும். விலையைப் போட்டுத் தேடுவதும் வீண். டாலர் பெரிதாகவும் சென்ட் மேலே பொடியாகவும் அச்சாகியிருப்பதால் எண்கள் சிதறிப்போயிருக்கும். ‘மெக்கானிக்கல் மேன்’, ‘ஸ்பேஸ் மேன்’, ‘ரிமோட் கன்ட்ரோல்’, ‘டாக்ஸ்’ (பேசும்) இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பாருங்கள்.

ஈயஅச்சு

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய விளம்பரப் படங்களை ஒவ்வொரு ஊர்க் கடையும் தனியாக வரையவில்லை. காகிதக்கூழில் அழுத்திய ‘மேட்’ என்ற அச்சுவார்ப்பைத் தயாரிப்பாளரோ விளம்பரப் பட நிறுவனமோ அனுப்பிவைக்கும். நாளிதழ் அலுவலகத்தில் அதன்மேல் ஈயக் கலவையை ஊற்றித் தகடு எடுத்துப் பக்கத்தில் பொருத்துவார்கள். அதனால் ஒரே கோட்டோவியம் பல ஊர்களில் சில வார இடைவெளிக்குள் வந்திருக்கும். ஓர் இதழில் படம் பாழாகியிருந்தால், அதே வாரத்தில் வேறு ஊரின் சிறு நாளிதழைப் பாருங்கள். நியூயார்க் மாநிலச் சிற்றூர் இதழ்களுக்கு ஃபுல்டன் ஹிஸ்டரி தளம் இலவசம், தேடல் முறை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும்.

ஆனால் மேட்டைக் கடைக்காரர் எடுத்துவைத்து அடுத்த வருடமும் போடுவார். வேறு ரோபோவை விற்றுக்கொண்டு பழைய ரோபோவின் படத்தைப் போட்டதும் நடக்கும். எனவே படத்தை மட்டும் நம்பி மாதிரியையோ ஆண்டையோ முடிவு செய்ய வேண்டாம். உரையிலுள்ள உயரம், சாவியா பேட்டரியா, என்ன செய்யும் என்ற மூன்றையும் முதலில் சரிபாருங்கள். 14 அங்குலம், பேச்சு, கேபிள் மூன்றும் பொருந்தினால் ராபர்ட்தான். உரையில் ‘நடக்கும்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், சக்கரத்தில் ஓடுவதையும் விளம்பரக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

சாவிபொம்மை

எரெக்டர், லயனல் போட்டதும் பக்கங்கள் வரிசையாக வந்தன, விளம்பரமும் கிடைத்தது. மிக்க நன்றி. ‘மெக்கானிக்கல் மேன்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் பொடி எழுத்து கரைகிறது, படமும் சாம்பல் திட்டாகத் தெரிகிறது. சரிசெய்ய வழி உண்டா?

பழந்தாள்

பிடிஎஃப்பை விடுங்கள், அது 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) குறைத்தது. அதே பக்கத்தில் ஜேபி2 என்ற படக் கோப்பு இருக்கும், அது 300 முதல் 400 டிபிஐ. ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் நேராகத் திறக்கலாம்.

முதலில் விளம்பரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். முழுப் பக்கத்துக்கும் ஒளி சரிசெய்தால், ஓர இருட்டு கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு லெவல்ஸ் என்ற ஒளி அளவுக் கருவியில் வெள்ளைப் புள்ளியைத் தாளின் சாம்பல் நிறம் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள், பின்பக்க அச்சின் நிழல் மறையும். கறுப்புப் புள்ளியை அதிகம் தொடாதீர்கள், பொடி எழுத்தின் உட்குழிகள் அடைந்துபோகும். வெறும் கறுப்பு வெள்ளையாகவும் மாற்ற வேண்டாம்.

படம் கோட்டோவியம் என்றால் இதோடு வேலை முடிந்தது. புள்ளிகளாலான ஹாஃப்டோன் என்றால், சிறிதாக்கும்போது புள்ளிகள் சேர்ந்து அலையலையாகக் கோலம் போடும். அதற்கு முன் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் வசதியை 1 பிக்செல் அளவில் கொடுத்து, பிறகு பாதியாகக் குறையுங்கள். இதழ்களை முதலில் படம்பிடித்த மைக்ரோஃபிலிம் சுருளிலேயே கறுப்பாகப் பதிந்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஈயஅச்சு சொன்னபடி வேறு ஊர்ப் பிரதிதான் கதி.

இதழ் பெயர், தேதி, தாளில் அச்சான பக்க எண், தளம் காட்டும் பட எண் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ‘ஏ-12’ என்ற அச்சு எண்ணும் தளத்தின் எண்ணும் பல இதழ்களில் ஒன்றாக இருக்காது.

தகரவிண்வெளி

ரேடிகானுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மசுதாயா 1955இலேயே ரேடிகான் என்ற பெயரில் பொம்மைப் பேருந்து ஒன்றை வெளியிட்டது. அதனால் அந்தப் பெயரில் தேடினால் பேருந்து விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும், ‘ரேடியோ கன்ட்ரோல்’ என்று தேடினாலும் அப்படித்தான். அமெரிக்கக் கடைகள் ஜப்பானியத் தகரப் பொம்மைகளைப் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரில்லாமல்தான் விளம்பரம் செய்தன. மசுதாயா, நோமுரா, ஹோரிகாவா என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ‘பேட்டரி ஆபரேட்டட்’, ‘மிஸ்டரி ஆக்ஷன்’ போன்ற சொற்களோடு ‘ரோபாட்’ அல்லது ‘ஸ்பேஸ்’ சேர்த்துப் பாருங்கள். முட்டித் திரும்பி ஓடும் பொம்மைக்கு அன்று ‘மிஸ்டரி ஆக்ஷன்’ என்றே பெயர்.

ஆஸ்திரேலியாவின் பழைய நாளிதழ்த் தளமான ட்ரோவையும் பாருங்கள். அங்கே பெரும்பாலான இதழ்கள் 1954ஓடு நின்றுவிடும், ஆனால் கான்பெரா டைம்ஸ் 1995 வரை, விமன்ஸ் வீக்லி 1982 வரை உண்டு. விளம்பரம் என்ற பிரிவை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஓசிஆர் பிழையை வாசகரே திருத்தும் வசதியும் அங்கே இருக்கிறது, ஒரு விளம்பரம் கிடைத்தால் தயவுசெய்து அந்தச் சொல்லைத் திருத்திவிட்டு வாருங்கள்.

சிங்கப்பூரின் பழைய நாளிதழ்த் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியிலும் விளம்பரப் பிரிவு தனி. அதில் ஒவ்வொரு விளம்பரமும் ‘இத்தனையாம் பக்கம், விளம்பரப் பத்தி இத்தனை’ என்ற ஒரே வகைத் தலைப்பில் இருக்கும், தலைப்பைப் பார்த்து எதையும் ஒதுக்க முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.