ஈர்ப்பலையா, காலவெளி அதிர்வா?

ஐயா, காலமும் இடமும் சேர்ந்த காலவெளியில் பரவும் அலையை (gravitational wave) 'ஈர்ப்பலை' என்று சொல்ல வேண்டாம், 'காலவெளி அதிர்வு' என்போம் என்கிறீர்கள். அது விளக்கமாகப் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெயராகப் புழங்க வராது. பெயர் என்றால் இன்னொரு சொல்லைச் சேர்த்தாலும் தாங்க வேண்டும். ஈர்ப்பலை வானியல், ஈர்ப்பலை உணரி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் காலவெளி அதிர்வு வானியல் என்று சொல்லிப் பாருங்கள். ஈர்ப்போடு அலை சேரும்போது உகரம் தானாகவே உதிர்ந்துவிடுகிறது, நாம் மெனக்கெடவே வேண்டாம். சிலர் எழுதும் 'ஈர்ப்பு விசை அலை' கட்டாயம் கூடாது; ஈர்ப்பை விசையாகப் பார்க்காமல் காலவெளியின் வளைவாகப் பார்த்ததால்தான் ஐன்ஸ்டைன் 1916இல் இந்த அலைகளுக்கே வந்து சேர்ந்தார்.

'ஈர்ப்பு' என்றால் அலை நம்மை இழுக்கும் என்று வாசகர் நினைப்பார் என்கிறீர்கள், நியாயம்தான். என் கட்டுரையைப் படித்த ஒருவர், அலை வந்தபோது நாம் கருந்துளைப் பக்கம் நகர்ந்தோமா என்றே கேட்டார். தாளில் ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். அலை தாளை நேர்குத்தாகத் துளைத்துப் போனால் வட்டம் மேல்கீழாக நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கும், உடனே பக்கவாட்டில் நீண்டு மேல்கீழாக ஒடுங்கும், நடுப்புள்ளி அப்படியே இருக்கும். அமெரிக்காவில் உள்ள ஈர்ப்பலை உணரியான லைகோவின் இரண்டு கைகளையும் (லேசர் ஒளி ஓடும் நீண்ட குழாய்கள்) ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்ததே ஒன்று நீளும்போது மற்றது குறுகுவதைப் பிடிக்கத்தான். எப்போதோ இரண்டு கருந்துளைகள் இணைந்து மூன்று சூரிய நிறைக்கு ஈடான ஆற்றலோடு உதறிய அலை 2015 செப்டம்பர் 14 அன்று இங்கே வந்தபோது, 4 கிலோமீட்டர் நீளக் கையில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டான் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! இதை எந்தப் பெயரும் தன்னந்தனியாக விளக்கிவிடாது, வட்டம் வரைந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு இடிக்கும் இடம் வேறு. கடலிலும் காற்றுமண்டலத்திலும் எழும் சில அலைகளையும் (gravity wave) ஈர்ப்பு அலை என்றே எழுதுகிறோம், இரண்டும் ஒரே பெயரில் கிடந்தால் குழப்பம்தான். அவற்றைப் 'புவியீர்ப்பு அலை' என்று பிரிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் 2015 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் வெள்ளிக் கோளின் மேகங்களில் கண்ட பிரம்மாண்டமான வில் வடிவ அலையும் அந்த வகைதானாம், அங்கே புவிக்கு என்ன வேலை? சரி, 'எடையலை' என்றால் என்ன? மேலே எழும்பிய நீரோ காற்றோ தன் எடையால் இறங்கி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மறுபடி மேலே தள்ளப்படுவதுதானே அது. கடலியல், வானிலை தெரிந்தவர்கள் இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.