பால்புதுமையினருக்காக (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) அமைப்பு நடத்தும் பிள்ளைகளோடு பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பால்புதுமையினர் இளைஞர்கள் நடத்தும் அமைப்பு என்றாலே நம் ஆட்களுக்கு வானவில் கொடியும் பேரணியும்தான் ஞாபகம் வரும். பேரணியும் இங்கே நடந்ததுதான், 2012 ஜூலையில். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, கோபி ஷங்கர் என்பவர் 20 வயதில் சிருஷ்டி மதுரை என்ற அமைப்பைத் தொடங்கிய கையோடு, உதவி எண் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

நான் நேரில் பார்த்தது வேறொரு சின்னக் குழு, பெயர் வேண்டாம். என் பழைய மாணவி நடத்துகிறாள். ஒரு ராத்திரி போன் செய்து, "சார், ஸ்டேஷனுக்கு வர முடியுமா? பெரியவங்க யாராவது கூட இருந்தா நல்லது" என்றாள். ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு பெண்கள், இருவரும் மேஜர், வீட்டைவிட்டு வந்துவிட்டார்கள், மகள்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி, பேசியதெல்லாம் அவள்தான். இதே மாதிரி வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவின் ஜெராக்ஸை மேஜையில் வைத்து, மஞ்சள் கோடு போட்ட பத்தியைக் காட்டினாள். வயது வந்தவர்கள், விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது அது.

எஸ்.ஐ. உதட்டைப் பிதுக்கி, "சென்னை கேஸை இங்க கொண்டுவந்து காட்டுறியேம்மா" என்றார்.

"மதுரைப் பொண்ணுங்க போட்ட கேஸ்தான் சார்" என்றவள், அடுத்த தாளையும் எடுத்தாள். இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022ல் போலீஸ் நடத்தை விதிகளில் சேர்த்தார்களே, அது. அப்புறம் அந்தப் பெண்களுக்கு டீ வந்தது. எழுதி முடிக்க விடியற்காலை ஆகிவிட்டது.

*

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு உதவி எண்ணில் கொஞ்ச காலம் இருந்தேன். முக்கால்வாசி மிஸ்டு கால்தான், அதுவும் ராத்திரி பதினொன்றுக்கு மேல். உடனே திருப்பிக் கூப்பிடக் கூடாது, போன் அப்பா கையில் இருக்கலாம். ஒரு பையன் எங்கள் எண்ணை "டியூஷன் அண்ணன்" என்று சேமித்து வைத்திருந்தான். இதையெல்லாம் நடத்தியவர்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு, பகலில் வேலைக்கும் போக வேண்டும். பால்புதுமையினரைக் கொண்டாடும் 'பிரைட்' மாதமான ஜூன் வந்தால் கம்பெனிக்காரர்கள் டி-ஷர்ட்டும் பேனருமாக வருவார்கள். ஜூலையில் ஆபீஸ் வாடகை கேட்டால் மெயிலுக்குப் பதில் வராது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. டி-ஷர்ட் காசில் ஒரு மனநல ஆலோசகருக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

*

நான் ஒரு அம்மா. தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று மகன் சொன்னதும் முதலில் டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்படிப்பட்ட ஒரு அமைப்பின் கூட்டத்துக்கு அவன் அழைத்துப் போனபோது, என் மகள் வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி மாற்ற முயல்வதையே கோர்ட் தடை செய்திருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "அதுக்குச் செலவு பண்ற காசுல அவனுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் குடுங்கம்மா" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. வாங்கியும் கொடுத்தேன். அவன் அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.