‘வெளுத்திருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னது இன்னும் மனசுல நிக்குதா? எழுதுங்க

வைகைக்கரை:
ரெண்டு மாசமா மனசைவிட்டுப் போகல, அதான் எழுதுறேன். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு. டாக்டர் கீழ் இமையை விரலால இழுத்துப் பார்த்துட்டு, “நல்லா வெளுத்திருக்கேம்மா”ன்னார். அம்மா முகத்துல ஒரு வெட்கம். “கல்யாணத்தப்ப கருப்பின்னு சொன்னவங்க இப்பப் பாக்கணும்”னாங்க. ஹீமோகுளோபின் 6.2. அந்தச் சொல்லை ஒரு தடவையாவது கேட்டுடணும்னு நாப்பது வருசமா காத்திருந்திருக்காங்க.

ஆவாரம்பூ:
எங்க அக்காவுக்கும் நாக்கு சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. இரும்புச்சத்து மாத்திரையை டீயோட, பாலோட குடுக்காதீங்க, சத்து உடம்புல சரியாச் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடக் குடுங்க. மாத்திரை சாப்பிடறப்ப மலம் கருப்பாப் போறது சகஜம், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு போனா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் ஏன் குறைஞ்சுதுன்னு கட்டாயம் கேளுங்க. முருங்கைக்கீரை போதும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, 6.2க்கு அது காணாது.

தெற்குவாசல்:
‘வெளுத்து வாங்கிட்டான்’ங்கிறது வெள்ளைக்காரன் அடிச்ச அடியில வந்த சொல்லுன்னு எங்க சார் சொன்னார். அன்னைக்கு மதியமே அவர் பிரம்பால வெளுத்ததுல ரெண்டு நாள் பேனா பிடிக்க முடியல.

உவர்மண்:
தெற்குவாசல், உங்க சார் சொன்னது தப்பு. எங்க தாத்தா ஊர்த்துணி வெளுத்தவர். உவர்மண் கரைச்ச தண்ணியில துணியை முக்கி, வெள்ளாவிப் பானை மேல அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில வேகவைப்பார். விடிஞ்சதும் ஆத்துக்கல்லுல ஓங்கி ஓங்கி அடிப்பார். ‘துவைச்சு எடுத்துட்டான்’, ‘பிழிஞ்சுட்டான்’, ‘காயப்போட்டுட்டான்’ எல்லாமே அதே படித்துறைப் பேச்சுதானே? இதுல வெள்ளைக்காரன் எங்க வந்தான்? வெள்ளாவியைப் பிரிக்கிறப்ப தாத்தா விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, துணி மாதிரியே வெளுத்துக் கிடக்கும். அந்தக் கையால வெளுத்த வேட்டியைக் கட்டின சின்னப் பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

பனங்கூடல்:
நாங்கள் யாழ்ப்பாணம். ‘விடிய வெள்ளன’ எண்டுதான் எங்கட பேச்சு, கிழக்கு வெளுக்கிற நேரம். அம்மம்மாவைச் சென்னையில ஆசுப்பத்திரியில வைச்சிருந்த இரவு, “வெளுத்திட்டுதோ?” எண்டு யன்னலைப் பாத்துப் பாத்துக் கேட்டவ. மலையாளத்து நர்ஸ் வந்து, டாக்டர் ‘வெளுப்பினு’ வருவார் எண்டா. எனக்கு விளங்கேல்லை. அம்மம்மா கண்ணைத் திறந்து, “வெள்ளன வருவாராமடா” எண்டவ. பிறகுதான் தேடிப் பாத்தன்: தெலுங்கில வெலுகு, கன்னடத்தில பெளகு, எங்கட வெளிச்சம், வெள்ளி, எல்லாம் ‘வெள்’ எண்ட ஒரே வேர். படிக்காத மனிசி, அந்த நிலையிலயும் அவவுக்கு அது கேட்டிருக்கு.

வைகைக்கரை:
ஆவாரம்பூ, டீயை நிறுத்தியாச்சு. நாளைக்கு மறுபடி ரத்தம் பாக்கணும். டாக்டர் என்ன சொன்னார்னு அம்மாகிட்ட இன்னும் விளக்கிச் சொல்லல.