படிகள் இருக்கின்றன, வீடு இல்லை: ஹிப்பிங் போன அனுபவம்

மினியாபோலிசிலிருந்து:

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் என்றால் ஏரிகளும் பனியும்தான் என்று நினைத்து ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். போன செப்டம்பரில்தான் மனைவியோடு வடக்கே ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊருக்குப் போனேன்.

முதலில் பழைய ஊர் இருந்த இடத்தில் இறங்கினோம். தெரு இருக்கிறது, ஓரக்கல் இருக்கிறது, வாசலுக்கு ஏறும் படிகள்கூட இருக்கின்றன. வீடு மட்டும் இல்லை. ஊருக்கு அடியிலேயே இரும்புத் தாது கிடந்ததால், 1919-இல் தொடங்கி ஊரையே தெற்கே ஆலிஸ் என்ற இடத்தின் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். சுமார் 200 கட்டடங்களை மர உருளைகளில் ஏற்றி இழுத்துப் போனார்கள். செல்லர்ஸ் ஓட்டல் வழியிலேயே சரிந்து நொறுங்கிப் போனது. அந்தப் படியில் உட்கார்ந்த என் மனைவி வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் திறந்தவெளிச் சுரங்கம். 5 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சுமார் 160 மீட்டர் ஆழம். அங்கே நின்றிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் என் கையில் ஓர் உருண்டையை வைத்தார். கொண்டைக்கடலை அளவுதான், ஆனால் நல்ல கனம். வளமான தாது தீர்ந்துவந்த பிறகு டாக்கனைட் என்ற கடும்பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, களிமண் சேர்த்து உருட்டிச் சுடுகிறார்களாம். என் விரலெல்லாம் துருச்சிவப்பு.

ஹிப்பிங் உயர்நிலைப் பள்ளியைத் தவறவிடாதீர்கள். 1920-களில் ஏறக்குறைய 40 லட்சம் டாலரில், பெரும்பாலும் சுரங்க வரிப்பணத்தில் கட்டியது. பின்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் மண்வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளியின் அரங்கில் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன! ஊரைக் கொடுத்தவர்கள் இதையாவது கேட்டு வாங்கினார்களே என்று எனக்கு நிறைவாக இருந்தது.

டுலூத்திலிருந்து:

சரி, அடுத்தமுறை எங்கள் துறைமுக ஊருக்கும் வாருங்கள். அந்த உருண்டைகள் ரயிலில் சுப்பீரியர் ஏரிக்கரைக்கு வந்துதான் கப்பல் ஏறுகின்றன. 300 மீட்டர் நீளக் கப்பல் வரும்போது தூக்குப்பாலம் அப்படியே மேலே எழும்பும். கப்பல் சங்கு ஊதும், பாலமும் பதிலுக்கு ஊதும். நெஞ்சுக்கூடு அதிரும்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை மட்டும் வராதீர்கள். சுப்பீரியர் ஏரியை மற்ற ஏரிகளோடு இணைக்கும் சூ கால்வாயின் மதகுகளை மூடிவிடுவார்கள், தாதுக்கப்பல் வராது. திறந்தபின் வரும் முதல் கப்பலைப் பார்க்க அந்தக் குளிரிலும் கரையில் கூட்டம் நிற்கும். மூன்று வருடமாக நானும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேதான் நிற்கிறேன்.